வாடையில் தெற்கே, சோளகத்தில் வடக்கே

இலங்கையில் சைக்கிள் பயணமாக ஒரு விடுமுறையைக் கழிக்க நினைப்பவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மலைநாடு. நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல என்று பெயர்கள் வரிசையாக வரும். தேயிலைச் சரிவும் மூடுபனியும் அழகில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த அழகில் எவ்வளவு சைக்கிள்காரருக்குக் கிடைக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த ஏற்றத்தை மிதித்துக் கடப்பவரின் கண் முன்சில்லுக்கு இரண்டு முழம் அப்பால் போவதில்லை. இறங்கும்போதோ கை பிரேக்கிலும், கண் வளைவுக்குப் பின்னாலிருந்து வரப்போகும் பஸ்ஸிலும் இருக்கும். மலைநாட்டை ஆறுதலாகப் பார்க்க ரயில் இருக்கிறது. அதைவிட நல்ல இருக்கை அங்கே இல்லை. சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற நிலம் நாட்டின் மறுபக்கத்தில் கிடக்கிறது. மன்னார்த் தீவும், அதன் எதிரே உள்ள பெருநிலக் கரையும், அதற்குப் பின்னே கட்டுக்கரைக் குளமும் அதன் வயல்களும் சேர்ந்த பகுதிதான் இந்த நாட்டைச் சைக்கிளில் பார்க்க மிகச் சிறந்த இடம் என்பது என் துணிபு. அந்தத் துணிபோடு ஒரு நிபந்தனையும் உண்டு. அங்கே போகும் திட்டத்தை ஊர்ப் பெயர்களையும் தூரத்தையும் மட்டும் வைத்துப் போட்டால் பயணம் தண்டனையாகிவிடும். காற்றையும் தண்ணீரையும் முதலில் கேட்டு, ஊர்களைப் பிறகு அடுக்க வேண்டும்.

மன்னாரை ஒரே நாளில் வாகனத்தில் சுற்றிவிட்டுத் திரும்புவது வழக்கமாகிவிட்டது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டத் தொடங்கிய கோட்டை, பள்ளிமுனையில் அடிமரச் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல் இருக்கும் பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை, திரும்பும் வழியில் திருக்கேதீச்சரம். நான்கு இடத்திலும் இறங்கிப் படமெடுத்தவர்கள், மன்னாரில் பெரிதாகப் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தீர்ப்பைச் சொன்னது அவர்கள் வந்த வேகம். மன்னாரின் அழகு ஓரிடத்தில் குவிந்து நிற்பதில்லை. கிடையாகப் பரந்து கிடக்கிறது. கடலோரச் சேற்றுப் படுகை மெல்ல உப்பளமாகிறது, உப்பளம் மாடு மேயும் தரவையாகிறது, தரவை வயலாகிறது, வயலுக்கு அப்பால் குளக்கட்டு எழுகிறது, அதற்கும் அப்பால் மடுவை நோக்கிக் காடு தொடங்குகிறது. இவ்வளவும் முப்பது கிலோமீற்றருக்குள் நடந்து முடிகிறது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் கண்ணாடி மூடிய வாகனத்திலிருந்து பார்ப்பவருக்கு வங்காலைச் சேற்றுப் படுகை வெறும் வெளி. மணிக்கு 15 கிலோமீற்றரில், எஞ்சின் சத்தமில்லாமல், கண்மட்டத்தில் எதுவும் மறைக்காமல் போகிறவருக்கு அது ஆயிரக்கணக்கான பறவைகள் இரை தேடும் இடம். நடந்து போனால் இந்த மாற்றத்தை உணரப் பல நாள் எடுக்கும். வாகனத்தில் போனால் உணரவே முடியாது. இந்த நிலத்தின் அளவும் சைக்கிளின் வேகமும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. என் வாதத்தின் முதற்காலை இந்தப் பொருத்தத்தில்தான் ஊன்றுகிறேன்.

காற்றுக்கு வருவோம். இந்தக் கரையில் காற்றைக் கேளாமல் பெரிய காரியம் எதுவும் நடந்ததில்லை. மன்னார்த் தீவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக்கு நீரிணைப் பக்கம், தெற்கே மன்னார் வளைகுடா. வடகிழக்கிலிருந்து வரும் வாடை அடிக்கும் மாதங்களில் வடகரை கொந்தளிக்க, தென்கரை அடங்கிக் கிடக்கும். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகம் எழும்பினால் நிலைமை தலைகீழ். அதற்கேற்பப் படகையும் வலையையும் வாடியையும் கரை மாற்றிக்கொள்வது இங்குள்ள கடற்றொழிலாளரின் பழைய வழக்கம். அரிப்புக் கடலிலும் சிலாவத்துறைக் கடலிலும் நடந்த முத்துக்குளிப்பு இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட, கடல் தெளிந்த மாசி, பங்குனி, சித்திரை வாரங்களுக்குள் முடிந்தாக வேண்டியிருந்தது. திருக்கேதீச்சரத்தை ஒட்டியிருந்த பண்டைய மாந்தைத் துறைமுகம் தழைத்ததும் காற்றால்தான். ஆதாம் பாலத்து மணல்திட்டுகளைப் பெரிய மரக்கலங்கள் தாண்ட முடியாததால் மேற்கிலிருந்து வந்த சரக்கும் கிழக்கிலிருந்து வந்த சரக்கும் இங்கே கைமாறின; கப்பல்கள் பருவக்காற்று திரும்பும்வரை காத்திருந்தன. 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த அகழாய்வில் சீனப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டங்களும் கிடைத்தன. பின்னர் நடந்த ஆய்வில், அன்றைக்கு மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்த கிராம்புகூட அகப்பட்டது. மத்திய ஆசியாவிலிருந்து இறங்கும் நீர்ப்பறவைகளும் காற்றின் நாள்காட்டியைத்தான் பின்பற்றுகின்றன. 2020 டிசம்பரில் தீவின் தென்கரையில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ மின்நிலையத்தின் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாட் திறனோடு, அதே காற்றை நம்பித்தான் நிற்கின்றன. மீனவர், முத்துக்குளித்தவர், வணிகர், பறவை, மின்சார சபை எல்லாரும் கேட்ட காற்றைச் சைக்கிள் பயணி மட்டும் கேளாமல் வரலாமா?

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் மிதிக்கிறவர் மீது அதே வேகத்தில் எதிர்காற்று வீசினால், அவர் மீதான காற்றின் தடை நான்கு மடங்காகிறது. தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதே காரணம். அதே காற்று முதுகில் வீசினால் தடையே இல்லை, சைக்கிள் தானாக ஓடுவது போல இருக்கும். மலையில் ஏற்றம் எப்படியோ, சமவெளியில் எதிர்காற்று அப்படி. ஒரு வேறுபாடு உண்டு: மலையை நகர்த்த முடியாது, காற்றை முன்கூட்டியே அறிந்து திசையைத் தெரிவுசெய்துகொள்ள முடியும். யாழ்ப்பாணத்துக்கு அருகே நாவற்குழியில் தொடங்கி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து, பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு வழியாக மன்னாருக்கு வரும் ஏ32 வீதி ஏறத்தாழ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. வாடையும் சோளகமும் வீசும் அச்சும் அதுவே. ஆகவே தையிலும் மாசியிலும் இந்த வீதியை யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாரை நோக்கி ஓட வேண்டும். வைகாசி முதல் ஆவணி வரை மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்தை நோக்கி ஓட வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் வீதி என்பதால் புதியவர்கள் இதை இரண்டு நாளாகப் பிரிப்பது நல்லது. இடைத்தங்கலை முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். வழியில் விடுதிகள் வரிசையாக இல்லை.

காற்றே ஒரு தடை, காற்று அடிக்கும் ஊரில் சைக்கிள் விடுமுறையா என்று கேட்பவர்கள் நெதர்லாந்தை நினைத்துப் பார்க்கட்டும். உலகிலேயே அதிகம் சைக்கிள் ஓடும் அந்த நாடு வடகடல் காற்றுக்கு முழுதாகத் திறந்து கிடக்கும் தட்டை நிலம். எட்டரைக் கிலோமீற்றர் நீளமான கடலணை ஒன்றின் மேல், புயற்காற்று அடிக்கும் நாளாகப் பார்த்து எதிர்க்காற்றுச் சைக்கிள் போட்டியே வைக்கிறார்கள். அங்கே மக்கள் காற்றை வென்றுவிடவில்லை. அதோடு ஒத்துப்போகப் பழகியிருக்கிறார்கள். நம் வடபுலத்துக்கும் இது புதிதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருள் கிடைக்காத ஆண்டுகளில், வடக்கின் பாடசாலை, சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் சைக்கிள் கரியரில்தான் ஓடின. 2022 எரிபொருள் நெருக்கடியில் நாடு முழுவதும் சைக்கிளைத் தேடி ஓடியபோது, அது என்ன என்று யாரும் வடக்குக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே சைக்கிள் ஒரு வகுப்பின் அடையாளமோ விளையாட்டுப் பொருளோ ஆகவில்லை. ஆசிரியரும் மீன்காரரும் ஒரே வீதியில் மிதிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் பயணிக்கு இது பெரிய பாதுகாப்பு. சைக்கிளை எதிர்பார்க்கும் வீதியில் ஓடுவதும், சைக்கிளையே மறந்துவிட்ட வீதியில் ஓடுவதும் ஒன்றாகாது.

எந்த மாதம் என்பதற்கு என் விடை: தை பிற்பகுதி முதல் பங்குனி முதல் வாரம் வரை. மன்னார் வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. அதன் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மாதங்களில் வரக்கூடாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்டதை எல்லாரும் அறிவோம். புயலில்லாத ஆண்டிலும்கூட, அநுராதபுரத்துப் பக்கம் பெய்த மழை அருவி ஆற்றில் இறங்கி மன்னாரின் தாழ்நிலத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். இங்கே வானம் வெளுத்திருக்கிறதே என்று நம்பிப் புறப்பட முடியாது. தையில் மழை ஓய்ந்து, குளம் நிறைந்து, பெரும்போக நெல் பச்சையாக நிற்கும். மாசி கடைசியில் அறுவடை தொடங்கும். வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் ஓட்டாமல் சுற்றிப் போவது மரியாதை. பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் நிறைந்திருக்கும் காலமும் அதுதான். சித்திரையில் வலசை வந்தவை பெரும்பாலும் புறப்பட்டுவிடும், வெயிலும் ஏறிவிடும். புலம்பெயர்ந்த நம்மவர்களில் பலருக்கு லீவு கிடைப்பது ஆடி, ஆவணியில்தான் என்பது தெரியும். அவர்களும் வரலாம், பயணத்தைத் திருப்பிப்போட்டால் போதும். ஆகஸ்ட் 15 மடுத் திருவிழாவை முடித்துக்கொண்டு, சோளகத்தை முதுகில் வாங்கி, நல்லூர்த் திருவிழாவை நோக்கி வடக்கே மிதிக்கலாம். பூநாரை இருக்காது, குளம் வற்றியிருக்கும், தூசி பறக்கும். ஆனாலும் காற்று அவர்கள் பக்கம்.

கட்டுக்கரையை ஏன் நடுவில் வைக்கிறேன் என்பதை விளக்க வேண்டும். வரைபடத்தில் குளத்தில் ஒரு புள்ளி வைத்து 20 கிலோமீற்றர் ஆரையில் வட்டம் போட்டால், மேற்கே வங்காலையும், வடமேற்கே திருக்கேதீச்சரமும் மன்னார் நகரும், தென்மேற்கே அரிப்பும், கிழக்கே மடுத் திருத்தலமும் உள்ளே விழுகின்றன. பறவைச் சரணாலயம், பாடல்பெற்ற தலம், கோட்டை நகரம், முத்துக்குளித்த கரை, கத்தோலிக்கரின் பெருந்தலம். ஒரே மையத்திலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் இப்படி ஐந்தும் அமைந்த இன்னோரிடத்தை வட மாகாணத்தில் காட்டுவது கடினம். பொதியை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா சைக்கிளில் போய்வரலாம் என்பது சிறிய வசதியில்லை. நாளுக்கொரு ஊரில் மூட்டை கட்டிக்கொண்டு ஓடும் பயணத்தில் பாதி நேரம் இடம் தேடுவதிலும் சாமான் கட்டுவதிலும் போய்விடும். இன்றைக்குத் தங்குமிடங்கள் அதிகம் இருப்பது மன்னார் நகரிலும் தீவிலும்தான் என்பது உண்மை. அதனால் நகரில் தங்கி, குளத்தை நோக்கி விடியலில் போவதே பலருக்கு நடைமுறையாக இருக்கும். முருங்கன், உயிலங்குளம் பக்கம் ஓர் அறை கிடைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன்.

மையமாக்கக் காரணம் தூரம் மட்டுமில்லை. இந்தக் குளத்தைப் புரிந்துகொள்ளாமல் இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள முடியாது. தன் மழையால் மட்டும் நிரம்புகிற குளமில்லை கட்டுக்கரை. நாட்டின் இரண்டாவது நீளமான ஆறான அருவி ஆற்றைத் தேக்கம் என்னுமிடத்தில் அணைகட்டி மறித்து, வாய்க்கால் வழியே தண்ணீரைக் கொண்டுவந்து நிரப்பிய பழைய பொறியியல். அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வயல்களுக்கும் அது பிரிந்து போகிறது. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டியதாகச் சூளவம்ச மரபு சொல்கிறது. 2016, 2017இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ப. புஷ்பரட்ணம் தலைமையில் குளத்தை ஒட்டி நடந்த அகழாய்வு, பண்டைய குடியிருப்பின் தடயங்களையும் சுடுமண் உருவங்களையும் வெளிக்கொணர்ந்து இந்தக் கரையின் வரலாற்றை இன்னும் பின்னே தள்ளியிருக்கிறது. தூர்ந்து கிடந்த குளம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மீண்டும் திருத்தப்பட்டது. 1954இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளக்கட்டில் நின்றால் ஒருபக்கம் தண்ணீரும் மறுபக்கம் அந்தத் தண்ணீரால் பச்சையான வயலும் தெரியும். துருசிலிருந்து இறங்கும் வாய்க்காலோரமாகச் சைக்கிளை விட்டால், தண்ணீர் போகும் திசையிலேயே ஊர்களும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் வரும். குளக்கட்டில் எந்தப் பகுதியில் ஓட்டலாம் என்பதை ஊரில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீர்ப்பாசன வேலை நடக்கும் இடத்தில் பயணி ஒதுங்கி நிற்க வேண்டும்.

ஐந்து திசைகளில் நான் அதிகம் பரிந்துரைப்பது அரிப்பை. திருக்கேதீச்சரத்தை யாரும் தவறவிட மாட்டார்கள். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தம், 2022இல் கருங்கல் திருப்பணி முடிந்து குடமுழுக்குக் கண்ட கோயில். வங்காலைக்கும் பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது. 2008இல் சரணாலயமாகி, 2010இல் 4,839 ஹெக்டேயர் பரப்போடு ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஈரநிலம். அரிப்பு ஒதுங்கிக் கிடக்கிறது. அருவி ஆறு கடலில் கலக்கும் இந்த இடத்தில்தான், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசனின் பிடியிலிருந்த ரொபர்ட் நொக்ஸ், ஆற்றங்கரைக் காடு வழியே நடந்துவந்து 1679இல் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார். அதற்குச் சற்றுத் தெற்கே, கடலோரத்து மண்மேட்டில், ஊரவர் அல்லிராணிக் கோட்டை என்று சொல்லும் இடிபாடு நிற்கிறது. முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வையிட 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. கடல் அரித்து அரித்துச் சுவர்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. முத்துக்குளிப்பு 1925க்குப் பிறகு முன்போல நடக்கவில்லை. ஒருகாலம் பருவத்துக்குப் பருவம் தற்காலிகப் பட்டணமே எழும்பிய கரை இன்றைக்கு மீன்பிடி ஊர். வாடை மாதத்தில் போகும்போது காற்று உதவும், திரும்பும்போது எதிர்க்கும். ஆகையால் மதியத்தை அங்கேயே நிழலில் கழித்துவிட்டு, பின்னேரம் காற்றுத் தணியத் தொடங்கியதும் இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும். அரிப்புக்குத் தெற்கே வில்பத்துவை ஊடறுத்துப் புத்தளம் போகலாமே என்று சிலர் ஆசைப்படுவார்கள். அது தேசிய வனம், சைக்கிள் போக இடமில்லை.

தீவுக்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும். 2010இல் திறந்த புதிய பாலத்தோடு கூடிய மூன்று கிலோமீற்றர் அணைவீதியை விடியலில் கடப்பது நல்லது, ஒதுங்க இடமில்லாத வெளி அது. நகரிலிருந்து தலைமன்னார் வரை 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பருவக்காற்றும் இங்கே குறுக்கேதான் அடிக்கும் என்பதால் போனாலும் வந்தாலும் பக்கக்காற்று. காற்று ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வழியில் தோட்டவெளியில் 1544இல் கொல்லப்பட்ட கத்தோலிக்கரின் நினைவுத்தலம், பிறகு பேசாலை, கடைசியில் இறங்குதுறை. 1914 முதல் 1964 புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து வந்த கப்பல் இந்தத் துறையில்தான் ரயிலைச் சந்தித்தது. 1990இல் நின்றுபோன தண்டவாளம் 2015 மார்ச்சில் மறுபடி உயிர்பெற்றது. கொழும்பிலிருந்து வருபவர்கள் சைக்கிளை ரயிலில் பொதியாகப் பதிந்து அனுப்பலாம். ஆனால் திருத்த வேலையாலும் வெள்ளத்தாலும் இந்தப் பாதையில் சேவை இடைக்கிடை நிற்பதுண்டு, முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

வெயில் பொறுக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. தை, மாசியில் பகல் உச்சம் 30 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். விடியல் ஆறு மணி முதல் பத்து வரையும், பின்னேரம் நாலு முதல் ஆறு வரையும் ஓடினால் நாளுக்கு 50 கிலோமீற்றர் வருத்தமில்லாமல் வரும். மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும், கொஞ்சம் உப்பும் சேர வேண்டும். கிணற்று நீர் பல ஊர்களில் சவர், போத்தலை நம்பித்தான் போக வேண்டும். சைக்கிளைப் பற்றிச் சொல்வதென்றால், விலை உயர்ந்த வெளிநாட்டுச் சைக்கிளைவிட ஊரில் ஓடும் சைக்கிளே நல்லது. ஊர்க் கடையில் கிடைக்கும் ரயர் 26 அங்குலமும் பழைய 28 அங்குலமும்தான். வெளிநாட்டு ‘700’ சில்லையும் 28 என்று சொல்வார்கள், ஆனால் அதன் றிம் விட்டம் 622 மில்லிமீற்றர், ஊர்ச் சைக்கிளினது 635. ஒன்றின் ரயர் மற்றதற்குப் பொருந்தாது. நெருஞ்சி முள்ளும் உடைமுள்ளும் மணல் பாதைகளில் காத்திருக்கும். ஒட்டுப் போடும் சாமானும் ஒரு ரியூப்பும் கையில் இருந்தால் போதும், மீதியை ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். இருட்டில் ஓடவே கூடாது: தீவு வீதியில் கழுதைகள் படுத்திருக்கும், மடு வீதியிலும் முசலிப் பக்கத்திலும் யானை நிற்கும்.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறொன்று. இவ்வளவு துயரம் நடந்த நிலத்தில் விடுமுறையா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக நான் தயாரில்லை. ஏ32 வீதி 2008இல் போர்முனையாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபத்தைக் காப்பாற்றத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஊருக்குப் பிரியும் பாதையைப் பயணி கடந்துதான் வருவார். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் வெறுமையாயின. திரும்பி வந்தவர்கள் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் அறியாமல் பூநாரையைப் படமெடுத்துக்கொண்டு போவது தவறுதான். ஆனால் யாரும் வராமலிருப்பது அந்த மக்களுக்குச் செய்யும் மரியாதை என்று நான் நினைக்கவில்லை. எப்படி வருகிறோம் என்பதில்தான் மரியாதை இருக்கிறது. மூடிய வாகனத்தில் வருகிறவர் ஒரு ஊரையும் கேட்க வேண்டியதில்லை. சைக்கிளில் வருகிறவர் தண்ணீருக்கும் நிழலுக்கும் வழிக்கும் பத்துக் கிலோமீற்றருக்கொரு முறை யாரையாவது கேட்டாக வேண்டும். ஒரு பிளேன்ரீக்கு உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ஊர் தன் கதையைச் சொன்னால் கேட்கலாம், சொல்லாவிட்டால் கிளறக்கூடாது. அவர் கொடுக்கும் காசும் பெரிய ஹோட்டலில் ஒரே இடத்தில் தங்காமல் வழியெல்லாம் சிந்தும். இன்னொரு கடமை உயிரைப் பற்றியது: கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்காக நடந்த மாவட்டம் இது, ஊரவர் நடமாடாத பற்றைக்குள் சைக்கிளை இறக்கவே கூடாது.

மன்னார்த் தீவில் மேலும் காற்றாலைகள் வேண்டாம், கனியமணல் அகழ வேண்டாம் என்று 2025இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். முன்பே நின்ற 30 கோபுரங்களே வெள்ளம் வடியும் வழியையும் பறவைகளின் பாதையையும் பாதிக்கின்றன என்பது அவர்களின் முறைப்பாடு. மின்சாரம் நாட்டுக்குத் தேவை என்பது அரசின் பக்கம். இந்த வழக்கைச் சைக்கிள் பயணம் தீர்த்துவிடாது, அப்படிச் சொல்வது மிகை. ஆனால் ஒரு நிலத்துக்கு என்ன விலை என்று கணக்குப் போடும்போது, அதன் மணலும் காற்றும் மட்டுமே பெறுமதியாக எழுதப்படுகின்றன. அதன் வெளியும் அமைதியும் பறவையும் வாழ்வாதாரமாக இருக்க முடியும் என்று காட்டுகிற தொழில் அங்கே வேரூன்றாதவரை, அந்தக் கணக்கில் அவற்றுக்கான பத்தி வெறுமையாகவே இருக்கும். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணம் இப்படி ஒரு நெருக்கடியில் நின்றது. 1992இல் அங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. 1995இல், சுரங்கப் பொறியியலாளர் ஒருவரின் யோசனையில், ஊர்ப் பாதைகள் கூடும் சந்திகளுக்கு எண் கொடுத்துப் பலகை நட்டார்கள். பயணி தன் தூரத்துக்கேற்ப எண்களைத் தெரிவுசெய்து குறித்துக்கொண்டு ஓடலாம். புதிய வீதி எதுவும் போடாமல், இருந்த பாதைகளை வைத்தே தொடங்கிய ஏற்பாடு. பிறகு பெல்ஜியத்தின் பிற பகுதிகளும் நெதர்லாந்தும் அதை எடுத்துக்கொண்டன.

கட்டுக்கரைக்கு அது அப்படியே பொருந்தும். வாய்க்கால் பாதைகளும் ஊர் ஒழுங்கைகளும் ஏற்கனவே இருக்கின்றன. பஸ்ஸும் டிப்பரும் ஓடும் ஏ14 வீதியைத் தொடாமலே வயல் வழியாகப் பல இடங்களுக்குப் போகலாம், ஆனால் வெளியூரவருக்கு வழி தெரியாது. நானாட்டான், மாந்தை மேற்கு, மன்னார், முசலி ஆகிய நான்கு பிரதேச சபைகளும் சேர்ந்து சந்திகளுக்கு எண்ணிட்டு, ஒவ்வொரு பலகையிலும் அடுத்த குடிநீர் எங்கே, அடுத்த சைக்கிள் கடை எங்கே என்று மூன்று மொழியிலும் எழுதலாம். வாடை மாதங்களில் எந்தத் திசை இலகு, சோளக மாதங்களில் எந்தத் திசை இலகு என்று இரண்டு அம்புக்குறிகளும் போடலாம். உலகில் வேறெங்கும் தேவைப்படாவிட்டாலும் மன்னாருக்கு அவை தேவை. பறவைகள் கூடும் இடத்துக்குக் கிட்டப் போகும் பாதைகளுக்கு எண் கொடுக்காமல் விடுவதும் இந்தத் திட்டத்துக்குள் அடங்க வேண்டும். எந்தப் பாதைக்கு எண், எந்தப் பாதைக்கு இல்லை என்பதை வனசீவராசிகள் திணைக்களமும் விவசாய சம்மேளனங்களும் கடற்றொழில் சங்கங்களும் ஒரே மேசையில் இருந்து தீர்மானிக்கட்டும். மழை ஓய்ந்து குளம் வான் பாய்ந்து முடியும் தை மாதத்துக்குள் பலகைகள் நிற்க வேண்டுமானால், அந்தக் கூட்டத்தைச் சோளகம் அடிக்கும் மாதங்களிலேயே கூட்டியாக வேண்டும்.